அம்மாவின் விமானமும் இரண்டாவது பெட்டியும்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அவள் என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சுகமாக இருக்கிறாள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்பும் மனசும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போன முறை பேசும்போது உன் குரல் கரகரவென்று இருந்தது, கேட்டால் ஏசி என்றாய், ஏசியை நிறுத்து என்றால் ஆபீஸ் ஏசி என்றாய். ஆபீஸ் ஏசியை உன் அப்பா இங்கிருந்து நிறுத்த முடியாது, அதனால் கழுத்தில் ஒரு துணியையாவது சுற்றிக்கொண்டு உட்கார். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் உன் அம்மாவிடம் இருக்கிறது. நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறாள், திருத்தியது போதாமல் போனைப் பிடுங்கி அவளே சொல்லி முடித்துவிடுகிறாள். இந்த விஷயத்தை அவள் சொன்னால் அதில் நான் கோமாளியாக வருவேன். நான் சொன்னாலும் அப்படித்தான் வருவேன் என்று நினைக்கிறேன், ஆனாலும் என் வாயால் வந்தால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். அவள் கூடத்தில் வேலையாக இருக்கிறாள், நான் சமையலறை மேடையில் காய்கறியைத் தள்ளிவைத்துவிட்டு எழுதுகிறேன். சாப்பாட்டு மேஜை இப்போது சாப்பிடுவதற்கு இல்லை.

இதற்கெல்லாம் மூலகாரணம் மாப்பிள்ளை. நான் ஓய்வு பெற்றதும் பொழுது போகாமல் திண்டாடுவேன் என்று அவராகவே கவலைப்பட்டு ஒரு பெட்டி அனுப்பினாரே, மூடியில் விமானப் படம் போட்டது, நினைவிருக்கிறதா. உள்ளே பால்சா என்கிற லேசான மரத்தில் மெல்லிய குச்சிகள், தொட்டால் கிழியும் டிஷ்யூ காகிதம், நீளமாக ஒரு ரப்பர் நாடா, ஒரு சின்னப் புத்தகம். ரப்பரை முறுக்கி விட்டால் அது பிரியும்போது முன்னால் இருக்கும் விசிறி சுற்றும், விமானம் பறக்கும், அவ்வளவுதான் சங்கதி. நான் லிப்ட் ஆய்வாளராக இருந்தவன், எந்த இயந்திரத்தையும் அதன் புத்தகத்தைப் படிக்காமல் தொட்டதில்லை. படித்தேன். ஐந்தாம் பக்கத்தில், படத்தில் இருந்த இறக்கையும் எழுத்தில் இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. அதைச் சுட்டிக்காட்டி, மரியாதையாகத்தான், கம்பெனிக்கு எழுதிவிட்டுப் பதில் வரட்டும் என்று பெட்டியை மூடி வைத்தேன். பதில் இன்றுவரை வரவில்லை. நான் காத்திருந்த இடைவெளியில் உன் அம்மா பெட்டியைத் திறந்து, புத்தகத்தை ஓரமாகப் போட்டுவிட்டு, விமானத்தைச் செய்து முடித்துவிட்டாள். அவள் வேலைக்காலம் முழுக்கப் பல் செட் செய்யும் கூடத்தில் இடுக்கியும் மெழுகுமாக உட்கார்ந்திருந்தவள், ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள், அதை நான் ஒருவன்தான் மறந்துபோயிருந்தேன். விமானம் கூடத்தில் ஒரு வட்டம் அடித்து அலமாரியில் மோதி விழுந்தது. நான் அளவு தப்பு என்று அப்போதே சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை, அடுத்ததற்கு மரம் வாங்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து இந்த வீட்டின் சட்டதிட்டங்களே மாறிவிட்டன. கூடத்தில் மின்விசிறி போடக்கூடாது, காகிதம் ஒட்டிக்கொண்டிருப்பாள். செய்தித்தாளைப் படிக்கலாம், பக்கம் திருப்பக்கூடாது, காற்று வருமாம். தும்மல் வந்தால் பின்வாசல் கதவைத் திறந்து வெளியே போய்த் தும்மிவிட்டு வர வேண்டும், அந்தக் கதவையும் மெதுவாகத் திறக்க வேண்டும், அதற்குள் தும்மல் போய்விடுகிறது. எனக்கு இப்போது தும்மலே வருவதில்லை, இதை வைத்தியமாகவே யாருக்காவது சொல்லலாம். கடையிலிருந்து வந்த பால்சாக் குச்சிகளை ஒவ்வொன்றாகக் குட்டித் தராசில் வைத்து எடை பார்க்கிறாள், ஒரே மரத்தில் ஒரே அளவில் வெட்டியதாக இருந்தாலும் ஒன்று கனம், ஒன்று லேசு. லேசானது மேஜைக்கு, கனமானது குப்பைக்கு. லேசானதை எடுத்து வளைத்து, உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப எடை பார்த்து, திரும்பத் தேய்த்து. முடிவில் அவள் செய்த முழு விமானம், இறக்கை வால் விசிறி எல்லாம் சேர்த்து, நீ கையில் வைத்திருக்கும் இந்தக் கடிதத்தைவிட எடை குறைவு. இதே பழக்கத்தில் மனிதர்களையும் பார்க்கத் தொடங்கிவிட்டாள். போன மாதம் டாக்டர் என் எடையைச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வை, எந்தப் பக்கத்தைத் தேய்க்கலாம் என்று பார்த்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கூடம் போதவில்லை என்று அவளே விசாரித்து ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பூப்பந்துக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, ஜன்னல்களை அடைத்து, விசிறிகளை நிறுத்தி, வியர்த்துக்கொண்டே இந்த விமானங்களைப் பறக்கவிடுகிற கூட்டம். யாருடையது அதிக நேரம் கீழே இறங்காமல் இருக்கிறதோ அவர் ஜெயித்தவர். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் பஞ்சு என்று ஒருவர். அது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. வாசல்படியில் அவர் ஏறினால் படி முனகும், அவ்வளவு பெரிய உருவம், ஆனால் அவர் செய்கிற விமானம்தான் அங்கே எல்லாவற்றையும்விட லேசு, அதனால் பஞ்சு. நல்ல மனிதர், வாய் ஓயாது. முதல் நாள் நான் சும்மா துணைக்குப் போனேன். பஞ்சுவின் விமானம் அவர் கையைவிட்டுக் கிளம்பி ஒரு சத்தமும் இல்லாமல் வட்டமடித்துக்கொண்டே மேலே போயிற்று. எல்லோரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே சொல்லியிருக்கிறேன், ஒரு லிப்ட் பெட்டி மேலே போகிறது என்றால் அதற்கு மேலே ஒரு கயிறு இருக்க வேண்டும், அந்தக் கயிறு அறுந்தால் தாங்க இன்னொரு கயிறு, அதுவும் அறுந்தால் பெட்டியைக் கவ்விப் பிடிக்க ஓர் இரும்புக் கவ்வி. இது எதுவும் இல்லாத ஒன்றை நான் எப்படி நம்பி அண்ணாந்து பார்ப்பது.

நீ இந்த இடத்தில் சிரிப்பாய், தெரியும். நான் இத்தனை வருஷம் உன் வீட்டுக்கு வராததற்குக் காரணம் முழங்கால், இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பயணத்துக்குத் தேதி குறித்தால் முழங்கால் வீங்கும், தேதி தள்ளிப்போனால் வடியும், டாக்டரே அதிசயப்பட்டார். முழங்கால் சரியாக இருந்தால் தண்ணீர்த்தொட்டி கசியும், தொட்டி சரியாக இருந்தால் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காது. குட்டி பிறந்தபோது உன் அம்மா மட்டும் வந்தாள், குட்டி நடக்க ஆரம்பித்தபோதும் உன் அம்மா மட்டும் வந்தாள். இப்போது பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, போன் தாத்தா என்று என்னைக் கூப்பிடுகிறது, நான் அந்தச் செவ்வகத்துக்குள்ளேயே குடியிருப்பதாக நினைத்துக்கொண்டு போனைத் திருப்பி முதுகைப் பார்க்கிறது. சரி, விமானத்துக்கு வருகிறேன்.

ரப்பரை முறுக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை உன் அம்மா கொக்கியில் பிடித்துக்கொண்டு நிற்பாள். மறுமுனையை நான் கையால் சுற்றுகிற டிரில் மாதிரி ஒன்றில் மாட்டி, ரப்பரை இழுத்துக்கொண்டே கூடத்தின் அந்தப் பக்கம் வரை பின்னால் போய், அங்கிருந்து சுற்ற ஆரம்பித்து, சுற்றச் சுற்ற மெதுவாக அவளை நோக்கி நடந்து வர வேண்டும். ரப்பரில் முதலில் சின்ன முடிச்சு விழும், அதன்மேல் இன்னொரு வரிசை முடிச்சு, அதற்கும் மேலே போனால் குச்சி மாதிரி இறுகும். அறுவதற்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும், அதுதான் வேலை. இந்த வேலையை உன் அம்மா என்னிடம் கொடுத்தாள். ஒரு திருகாணி குறைந்தால்கூட லிப்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வருகிறவன் என்று என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. நான் சுற்றி முடித்ததும் முழுசா என்று கேட்பாள், முழுசு என்று சொல்வேன். அவள் அதை விமானத்தில் மாட்டிப் பறக்கவிடுவாள். பறக்கும், அழகாகத்தான் பறக்கும், ஆனால் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய்விட்டு, ஏதோ மறந்துவிட்டது போல இறங்கிவிடும். மற்றவர்களுடையது கூரைக்குக் கீழே சுற்றிக்கொண்டிருக்கும். கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வரும் இடத்தில்தான் உன் அம்மா பெயர் எப்போதும் இருக்கும்.

அவள் சோர்ந்துபோகிறவள் இல்லை. விமானம் கனம், அதுதான் கோளாறு என்று முடிவு செய்தாள். இறக்கையைப் பிரித்து மறுபடி செய்தாள். விசிறியின் இதழ்களை வெளிச்சம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தாள். பசையை ஊசிமுனையில் தொட்டு வைத்தாள். வால் குச்சியைப் பாதியாகக் குறைத்தாள், அதிலும் பாதியைக் குறைத்தாள். பஞ்சுவே பார்த்துவிட்டு, அம்மா இது இனிமேல் காற்றுதான், இதில் எடுக்க ஒன்றும் பாக்கி இல்லை என்றார், அந்த விமானத்துக்குப் பத்தியக்காரி என்று பெயரும் வைத்தார். அப்படியும் அது ஆள் உயரத்துக்குச் சற்று மேலேதான். மாதக்கணக்காக இது நடந்தது. நான் பக்கத்தில் நின்று, பொறுமை வேண்டும், எந்த இயந்திரமும் ஒரே நாளில் சரியாகிவிடாது என்று ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று அவளே ஒரு நாள் பஞ்சுவிடம் சொன்னாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பல்வலி, முந்தின நாள் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டு வந்து கன்னம் வீங்கிப் படுத்திருந்தேன். உன் அம்மா தனியாகப் போனாள். ரப்பர் சுற்றப் பஞ்சு கை கொடுத்தார். மற்றதெல்லாம் அவரே அன்று மாலை என்னைப் பார்க்க வந்து, நான் வாய் திறக்க முடியாத சமயம் பார்த்து, ஒன்றுவிடாமல் சொன்னது. அவர் சுற்றிக்கொண்டே வந்தாராம், உன் அம்மா போதும் போதும் என்றாளாம், அவர் இன்னும் பாதிகூட ஆகவில்லையே என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டே வந்தாராம், கொக்கியைப் பிடித்திருந்த உன் அம்மாவுக்குக் கை வலித்ததாம், அப்படி வலித்தது அதுவரை கிடையாதாம். விமானத்தை விட்டதும் பத்தியக்காரி விறுவிறுவென்று ஏறிக் கூரைக் கம்பியை முட்டி, கொஞ்சம் சறுக்கி, மறுபடி ஏறி மறுபடி முட்டி, பிறகு அங்கேயே ஒரு வட்டம் பிடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்ததாம். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்து உட்கார்ந்துவிட்டார்களாம், டீ வந்ததாம், குடித்தார்களாம், அது இன்னும் இறங்கவில்லையாம். அந்தக் கூடத்தில் எந்த விமானமும் அவ்வளவு நேரம் மேலே இருந்ததில்லை என்று பஞ்சு தன் தலைமேல் கை வைத்துச் சொன்னார், அவருடைய விமானத்தையும் சேர்த்துத்தான்.

 பஞ்சு போன பிறகு உன் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முழுசு முழுசு என்று சொன்னீர்களே, எதில் முழுசு என்று கேட்டாள். அவள் கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். எங்கள் கணக்கில் முழுச்சுமை என்றால் கயிறு அறுந்துபோகும் சுமை இல்லையம்மா, அதில் ஒரு சின்னப் பங்குதான் முழுச்சுமை, மிச்சமெல்லாம் ஆபத்துக்கு ஒதுக்கிவைப்பது, அந்த வழக்கத்தில் இரண்டாவது வரிசை முடிச்சு விழ ஆரம்பித்ததுமே என் கை நின்றுவிடும், அதுதான் எனக்கு முழுசு. பொய் சொல்லவில்லை, என் தொழில்படி சொன்னேன்.  எங்கள் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முழங்காலைப் பற்றியோ தொட்டியைப் பற்றியோ ஒரு வார்த்தை குத்திப் பேசாதவள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"உங்க பயத்தை என் ரப்பர்ல சுத்தாதீங்க."

சொல்லிவிட்டு எழுந்துபோய் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள், அது இன்னும் மோசம். எனக்கு அன்றைக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவள் குறையில்லாத ஒரு பொருளைக் குறையுள்ளது என்று நினைத்து மாதக்கணக்காகச் சுரண்டிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் நின்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். பஞ்சு இதைக் கேள்விப்பட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், நீங்கள் பாதிதான் சுற்றியதால்தான் அம்மா அவ்வளவு லேசாகச் செய்யக் கற்றார், ஆகவே பாதிப் பரிசு உங்களுக்குத்தான் என்றார். உன் அம்மா சிரிக்கவில்லை. என் கன்ன வீக்கம் வடிந்ததும் மேஜைமேல் பழைய ரப்பர் நாடாக்களை வரிசையாக வைத்துவிட்டு, இதையெல்லாம் அறுகிறவரைக்கும் சுற்றுங்கள் என்றாள். வேலையில் இருந்த நாளெல்லாம் ஒரு கயிறுகூட என் கண்முன் அறுந்ததில்லை, அறாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். முனையைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டுச் சுற்றினேன். இரண்டாவது வரிசை முடிச்சில் கை நின்றது, உன் அம்மா மேஜையிலிருந்து தலை தூக்காமலே ம் என்றாள். கண்ணை மூடிக்கொண்டு சுற்றினேன், சுற்றிக்கொண்டே இருந்தேன், இவ்வளவு இடம் அதற்குள் இருந்தது எனக்குத் தெரியாது. படீரென்று அறுந்தது. விரலில் சுளீரென்று ஓர் அடி, ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். வீடு அப்படியே இருந்தது, தெருவில் யாரோ காய்கறிக்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்ததை எடுத்தேன். வைத்த அத்தனையையும் அறுத்து முடித்த பிறகு இன்னும் இருக்கிறதா என்று நானே கேட்டேன். போதும், ரப்பர் வாங்க வேண்டும் என்றாள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், உன் அம்மா இதைப் போனில் பாதி சொல்லியிருப்பாள். உங்கள் ஊரில் ஒரு பெரிய கூடத்தில் இந்த விமானக்காரர்கள் எல்லா நாட்டிலிருந்தும் வந்து கூடுகிறார்களாம், அதற்கு இங்கிருந்து உன் அம்மாவை அனுப்பப் போகிறார்கள். நான் வழக்கம் போல, போய்விட்டு வா, நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவளும் வழக்கம் போல சரி என்றாள். பத்தியக்காரி ஒன்று, முழு முறுக்கைத் தாங்குகிற மாதிரி புதிதாகச் செய்தது ஒன்று, ஆக இரண்டு விமானம், இரண்டும் தனித்தனி அட்டைப்பெட்டியில். சாமான்களோடு போடவே முடியாது, பயணம் செய்கிற விமானத்தில் மடியிலோ காலடியிலோ வைத்துக்கொண்டு போக வேண்டும், பெட்டியைச் சாய்க்கக்கூடாது, குலுக்கக்கூடாது. விசாரித்தால் ஓர் ஆள் கையில் ஒரு பெட்டிதான் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது பெட்டிக்கு இன்னோர் ஆள் வேண்டும். அதற்கென்ன, நான் வருகிறேன், எனக்கும் அந்தக் கூடத்தைப் பார்க்க ஆசை என்று பஞ்சு சொல்லிவிட்டார். வந்து உன் வீட்டிலேயே தங்கிக்கொள்வாராம், உன் அம்மாவும் தாராளமாக என்றாளாம். குட்டிக்கு வாங்கிப்போக என்ன பொம்மை பிடிக்கும் என்று அந்த மனிதர் என்னிடமே வந்து கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. என் பேத்திக்கு என்ன பொம்மை பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகு உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். என் மகள் வீட்டுக் கதவை ஒரு மூன்றாம் மனிதர் தட்டுவார், என் பேத்தி ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொள்ளும், அவரை அந்தப் பிள்ளைக்கு முதுகோடு தெரியும், என்னை முகம் மட்டும்தான் தெரியும். பிறகு உன்னை நினைத்தேன். முன்பெல்லாம் ஒவ்வொரு தடவையும் போனை வைக்கும்போது எப்போ வர்றீங்கப்பா என்று கேட்பாய். நான் முழங்காலைச் சொல்வேன். கொஞ்ச காலமாக நீ அதைக் கேட்பதில்லை. உடம்பைப் பாத்துக்கோங்கப்பா என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறாய். கேட்காமல் விட்டாயே என்று முதலில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. நீ நம்பிக்கையை விட்டுவிட்டாய் என்பது பஞ்சு பொம்மையைப் பற்றிக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து கூடத்துக்குப் போனேன். கதவை மெதுவாகத்தான் திறந்தேன், அவள் இறக்கைக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த இன்னொரு பெட்டியை நான் எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

உன் அம்மா இடுக்கியைக் கீழே வைக்கவே இல்லை. பாதியில் திரும்ப முடியாது, தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். முழங்கால் என்றாள். முழங்காலில் ஒன்றுமில்லை, எனக்குப் பயம், மேலே கயிறு இல்லாத எதிலும் ஏற எனக்குப் பயம், அது போகவும் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும், அதையும் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். அதற்கு அவள், அதற்குத் தனியாக எடை போட மாட்டார்கள் என்றாள். அவ்வளவுதான் பேச்சு. பஞ்சுவிடம் நானே போய்ச் சொன்னேன், அந்த மனிதர் கொஞ்சமும் ஏமாற்றம் அடையவில்லை, பொம்மையை என் கையில் கொடுத்தார், ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாராம். டிக்கெட் வந்துவிட்டது, எனக்கு ஜன்னலோரம் வேண்டாம் என்று எழுதியே கொடுத்திருக்கிறேன். ஒத்திகையும் நடக்கிறது. தினமும் சாயங்காலம் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே இப்போதைக்கு ஒன்றுமில்லை, நிஜ விமானத்தை என்னிடம் கொடுக்க அவளுக்கு இன்னும் மனசு வரவில்லை.

நாங்கள் வருவதற்குள் நீ செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. எங்களுக்குக் கொடுக்கிற அறையில் ஜன்னல் இறுக்கமாகச் சாத்துகிறதா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல். அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்து வை, பிள்ளைக்கு எட்டாத உயரம் வேண்டும். குட்டி கேட்டால் தொடக்கூடாது என்று சொல்லாதே, ஊதக்கூடாது என்று சொல். உன் அம்மா வந்த அன்றே உன் வீட்டுத் தராசைத் தேடுவாள், ஒளித்துவைக்காதே, எதையாவது எடை பார்த்துவிட்டுத்தான் தூங்குவாள். உங்கள் கட்டடத்து லிப்ட் இரண்டாவது மாடியில் நிற்கும்போது ஒரு குலுக்கு குலுக்குகிறது என்று நீ எப்போதோ சொன்னாய், அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன், பொறுப்பானவர் யாரென்று விசாரித்து வை, நான் வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாயாம், குட்டி சொன்னது, உட்கார்ந்து சாப்பிடு. மாப்பிள்ளையிடம் நான் அவர்மேல் கோபமாக இல்லை என்று சொல், பெட்டி அனுப்பியதற்கு நன்றியும் சொல், ஐந்தாம் பக்கத்து அளவு தப்புதான் என்பதையும் சொல்லிவை.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல், வேலையில் நல்ல பெயரோடு, வீட்டில் சிரிப்போடு, நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும், இது அம்மா அப்பா இரண்டு பேரின் ஆசீர்வாதமும். குட்டிக்கு எங்கள் முத்தம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடாதே. விமான நிலையத்தில் முதலில் உன் அம்மா வருவாள், அவளுக்குப் பின்னால் நான் மெதுவாக வருவேன். நீ என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்வாய், உன்னை எனக்குத் தெரியும். வராதே. அங்கேயே நில். முதலில் மாப்பிள்ளை வந்து பெட்டியை இரண்டு கையாலும், சாய்க்காமல், என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு என் இரண்டு கையும் காலிதான், ஓடி வா.

உன்னிடம் வந்துகொண்டிருக்கும்
அப்பா